சிவப்புக் கொடியை எப்போது வீசலாம்? என்எஃப்எல் பயிற்சியாளர்களின் சேலஞ்ச் கணக்கு

அமெரிக்கன் ஃபுட்பாலை, அதாவது அதன் தொழில்முறை லீகான என்எஃப்எல் ஆட்டங்களை, பார்க்கத் தொடங்குகிற யாருக்கும் அந்தச் சிவப்புக் கொடி சீக்கிரமே கண்ணில் பட்டுவிடும். மைதானத்தின் ஓரத்தில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு நிற்கும் தலைமைப் பயிற்சியாளர், பாக்கெட்டிலிருந்தோ காலுறைக்குள்ளிருந்தோ ஒரு சின்னக் கொடியை உருவி உள்ளே வீசுவார். ஆட்டம் நிற்கும். நடுவர் வீடியோ பார்க்கப் போவார். இதுதான் சேலஞ்ச், நடுவரின் முடிவை மறுபடி பார்க்கச் சொல்வது. ரசிகர்கள் கத்துவார்கள்.

நடுவர் தப்புப் பண்ணிவிட்டார், அதனால் கொடி வீசுகிறார் என்று நினைப்போம். அது பாதிதான் சரி. நடுவர் செய்தது தப்பா என்பது அவருடைய கேள்விகளில் ஒன்று மட்டும்தான். இந்தத் தப்பைத் திருத்தச் சொல்ல விதி இடம் கொடுக்கிறதா? யார் பார்த்தாலும் ஒத்துக்கொள்கிற மாதிரி வீடியோ இருக்கிறதா? திருத்தினால் கிடைக்கப்போவது, தோற்றால் கையைவிட்டுப் போகிற டைம்-அவுட்டை (ஆட்டத்தையும் கடிகாரத்தையும் நிறுத்தும் உரிமையை) விடப் பெரிதா? இவ்வளவுக்கும் பெரும்பாலும் 40 நொடிக்குள், சில சமயம் 10 நொடிக்குள், விடை தெரிந்தாக வேண்டும்.

கிரிக்கெட்டில் டிஆர்எஸ் பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஓரளவு தெரிந்த விஷயம். அங்கே கேப்டனுக்கு 15 நொடி. தோற்றால் ஒரு ரிவ்யூ குறையும், அதோடு சரி. இங்கே தோற்றால் டைம்-அவுட் போகிறது. டைம்-அவுட் என்பது ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் தங்கம். அதனால்தான் இங்கே கணக்கு வேறு மாதிரிப் போகிறது.

தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

பந்து வைத்திருக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற நான்கு முயற்சி. முன்னேறிவிட்டால் ஃபர்ஸ்ட் டவுன், மறுபடி நான்கு முயற்சி. முடியாது என்று தெரிந்தால் நான்காவது முயற்சியில் பந்தைத் தூர உதைத்துக் கொடுத்துவிடுவார்கள், அதுதான் பன்ட். ஒவ்வொரு பாதிக்கும் ஒரு அணிக்கு மூன்று டைம்-அவுட். முதல் பாதியில் மிச்சம் வைத்தது இரண்டாம் பாதிக்கு வராது.

வீடியோ பார்த்து முடிவை மாற்றும் வழக்கத்தை என்எஃப்எல் 1986-இல் தொடங்கி, 1991 சீசனோடு கைவிட்டது. 1999-இல் திரும்பக் கொண்டுவந்தபோதுதான் பயிற்சியாளர் கையில் சேலஞ்ச் வந்தது. ஒரு ஆட்டத்துக்கு இரண்டு. 2004 முதல், இரண்டிலும் வென்றால் மூன்றாவது ஒன்று கிடைக்கும் என்றார்கள். 2024-இல் அதையும் தளர்த்தி, இரண்டில் ஒன்றை வென்றாலே மூன்றாவது உண்டு என்றாக்கினார்கள். நான்காவது எப்போதும் கிடையாது.

வென்றால் டைம்-அவுட் போகாது. தோற்றால் ஒன்று போகும். கையில் டைம்-அவுட்டே இல்லையென்றால் சேலஞ்சும் இல்லை. ஒவ்வொரு பாதியிலும் இரண்டு நிமிட எச்சரிக்கை (இரண்டு நிமிடம் மிச்சம் இருக்கும்போது வரும் நிறுத்தம்) வந்த பிறகும், கூடுதல் நேரத்திலும் பயிற்சியாளருக்கு அந்த உரிமை கிடையாது. அப்போது எதை மறுபடி பார்க்க வேண்டும் என்பதை, மேலே அறையில் வீடியோ பார்த்துக்கொண்டிருக்கும் ரீப்ளே அதிகாரிதான் முடிவு செய்வார். 2002 ஜனவரியில் பனிக்குள் நடந்த பேட்ரியட்ஸ்-ரெய்டர்ஸ் பிளே-ஆஃப் ஆட்டத்தில், பேட்ரியட்ஸின் டாம் பிரேடி கையிலிருந்து விழுந்த பந்து ஃபம்பிள் (பந்தைக் கைநழுவ விடுவது) இல்லை என்று மாற்றப்பட்டதே, அந்த ரிவ்யூவைக் கேட்டது எந்தப் பயிற்சியாளரும் அல்ல. இரண்டு நிமிடத்துக்குக் குறைவாக இருந்ததால் மேலேயிருந்தே வந்தது.

முதல் படி: இது நம் கையில் இருக்கிற விஷயம்தானா?

2012 நவம்பர் 22, தேங்ஸ்கிவிங் நாள். டெட்ராய்ட் லயன்ஸ், ஹூஸ்டன் டெக்சன்ஸ். ஹூஸ்டனின் ஜஸ்டின் ஃபோர்செட் பந்தோடு ஓடும்போது தடுக்கப்பட்டு முழங்காலும் முழங்கையும் தரையில் பட்டன. அத்தோடு அந்த முயற்சி முடிந்திருக்க வேண்டும். நடுவர்கள் விசில் ஊதவில்லை. அவர் எழுந்து ஓடி 81 யார்டு டச் டவுன் (பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டை எட்டுவது) போட்டுவிட்டார். லயன்ஸ் பயிற்சியாளர் ஜிம் ஷ்வார்ட்ஸ் கோபத்தில் கொடியை வீசினார்.

வீசியதுதான் வினை. புள்ளி விழுகிற எல்லா முயற்சியையும் ரீப்ளே அதிகாரியே பார்த்துவிட வேண்டும் என்று 2011-லேயே விதி வந்துவிட்டது. ஷ்வார்ட்ஸ் சும்மா இருந்திருந்தால் வீடியோ பார்த்து டச் டவுனை ரத்து செய்திருப்பார்கள். கேட்கக் கூடாத இடத்தில் கொடி வீசினால் 15 யார்டு தண்டனை, ரிவ்யூவும் கிடையாது என்று அன்றைய விதி சொன்னது. டச் டவுன் நின்றது. ஹூஸ்டன் கூடுதல் நேரத்தில் 34-31 என்று ஜெயித்தது. சொன்னது முழுக்க சரியாக இருந்தும் தோற்ற பயிற்சியாளர் அவர். அடுத்த வருடமே விதியை மாற்றினார்கள். இப்போது அப்படி வீசினால் டைம்-அவுட் ஒன்று போகும், ஆனால் ரிவ்யூ நிற்காது.

ஆகவே முதல் கேள்வி, இதைத் தானாகவே பார்ப்பார்களா என்பது. புள்ளி விழுந்தவை 2011 முதல், பந்து கைமாறியவை 2012 முதல், தோற்றுப்போன நான்காவது முயற்சிகள் 2023 முதல் ரீப்ளே அதிகாரியின் பொறுப்பு.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பல ரசிகர்கள் இதைக் கவனிப்பதில்லை. மைதானத்தில் டச் டவுன் என்று கை தூக்கினால்தான் தானாகப் பார்ப்பார்கள். கோட்டுக்கு அரை யார்டு முன்னால் விழுந்துவிட்டார் என்று நடுவர் சொன்னால், அது புள்ளி விழாத முயற்சி. பயிற்சியாளர்தான் கேட்க வேண்டும். இன்டர்செப்ஷன் (வீசிய பந்தைத் தடுக்கும் அணி பிடிப்பது) என்று சொன்னால் தானாகப் பார்ப்பார்கள். பந்து தரையில் பட்டது, யாரும் பிடிக்கவில்லை என்று சொன்னால் பயிற்சியாளர் பாடு. நடுவர்கள் சந்தேகம் வந்தால் விசிலை அடக்கிக்கொண்டு ஆட்டத்தை ஓட விடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஓடவிட்டுப் பெரிதாக ஏதாவது நடந்தால் வீடியோ காப்பாற்றும். முன்னாலேயே விசில் ஊதிவிட்டால் சிக்கல், ஏனென்றால் விழுந்துவிட்டார் என்று சொன்ன முயற்சியை ஃபம்பிள் என்று மாற்ற வேண்டுமானால் பந்தை யார் கைப்பற்றினார் என்பதும் வீடியோவில் தெளிவாகத் தெரிய வேண்டும். அப்படித் தெரிந்தாலும் எடுத்த இடத்தில்தான் பந்து, அதற்கப்புறம் ஓடிய ஓட்டம் கணக்கில் வராது.

ஆக, இன்றைய பயிற்சியாளருக்கு மிச்சமிருப்பது பெரும்பாலும் நடக்காமல் போனதாகச் சொல்லப்பட்டவையும், நடுவாந்திரமான கேட்சுகளும், பந்தை வைத்த இடமும்தான்.

அடுத்தது, எதைப் பற்றிக் கேட்கலாம் என்பது. பிடித்தாரா இல்லையா, கால் கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா, பந்து கையைவிட்டுப் போனபோது முழங்கால் தரையில் இருந்ததா, இப்படிக் கண்ணால் பார்த்து ஆம், இல்லை என்று சொல்லக்கூடியவை எல்லாம் கேட்கலாம். பிடித்து இழுத்தது, ஆஃப்சைடு போன்ற தவறுகள் பெரும்பாலும் கேட்க முடியாதவை. விதிவிலக்குகளில் எனக்குப் பிடித்தது, மைதானத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்கலாம் என்பது. 2008 பிப்ரவரியில் 42-ஆவது சூப்பர் பௌலில் (சீசனின் இறுதிப் போட்டியில்) பேட்ரியட்ஸ் பன்ட் செய்தபோது, ஜயன்ட்ஸின் பன்னிரண்டாவது ஆள் ஓடி வெளியேறி முடிப்பதற்குள் பந்து நகர்ந்துவிட்டது. பேட்ரியட்ஸ் பயிற்சியாளர் பில் பெலிசிக் கொடி வீசினார். எண்ணிப் பார்த்தார்கள், 12. ஐந்து யார்டு தண்டனையில் பேட்ரியட்ஸுக்கு ஃபர்ஸ்ட் டவுனே கிடைத்தது. (ஆட்டத்தை 17-14 என்று ஜயன்ட்ஸ் ஜெயித்தது வேறு கதை.) எல்லாரும் பந்தைப் பார்க்கும் நேரத்தில் தலையை எண்ண ஒரு ஆள் வைத்திருந்தால்தான் இந்த மாதிரி சேலஞ்ச் வரும்.

இரண்டாவது படி: மேலே உட்கார்ந்திருப்பவர் சொல்வதைக் கேட்பது

ஓரத்தில் நிற்கும் பயிற்சியாளருக்கு ஆட்டம் சரியாகத் தெரியாது. முன்னால் பெரிய பெரிய ஆட்கள் நிற்கிறார்கள், சம்பவம் 40 யார்டு தள்ளி நடக்கிறது. அவர் பக்கத்தில் இருக்கும் டேப்லெட்டில் நிழற்படங்கள்தான் வரும், வீடியோ வராது. அதனால் முடிவின் பெரும்பகுதி மேலே, பயிற்சியாளர்களின் அறையில் நடக்கிறது. அங்கே டிவி ஒளிபரப்பு தெரியும். ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்து, ஹெட்செட்டில் வீசு, வேண்டாம் என்று சொல்வார்.

இந்த வேலைக்குப் பேர் பெற்றவர் பேட்ரியட்ஸின் எர்னி ஆடம்ஸ். பெலிசிக்கோடு பள்ளியில் படித்தவர். ஃபுட்பால் ஆராய்ச்சி இயக்குநர் என்ற, என்ன வேலை என்றே வெளியே புரியாத ஒரு பதவியில் இருந்து 2021-இல் ஓய்வு பெற்றார். அவர் செய்த பல வேலைகளில், எப்போது சேலஞ்ச் செய்யலாம் என்று பெலிசிக்கின் காதில் சொல்வதும் ஒன்று. இப்போது பெரும்பாலான அணிகள் இதற்கென்று ஒருவரை வைத்திருக்கின்றன. விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவராக இருப்பார். அதைவிட முக்கியம், பதற்றப்படாதவராக இருப்பார்.

மேலே இருப்பவரின் சிக்கல் நேரம். டிவிக்காரர்கள் ரீப்ளே போட்டால்தான் அவருக்கும் தெரியும். தேசிய அளவில் ஒளிபரப்பாகும் இரவு ஆட்டமென்றால் கேமராக்கள் அதிகம், கோணங்கள் வந்துகொண்டே இருக்கும். ஞாயிறு மதியம் ஒரே நேரத்தில் நடக்கும் பல ஆட்டங்களில் ஒன்றென்றால் கேமரா குறைவு. மைதானத்தின் பெரிய திரை சொந்த ஊர் அணியின் கையில் இருக்கிறது. தங்களுக்குப் பாதகமான ரீப்ளேயை அவசரமாகப் போட்டுக்காட்ட அவர்களுக்கு என்ன வந்தது?

கொடி அடுத்த ஸ்னாப்புக்கு முன்னால் விழுந்தாக வேண்டும், அதாவது பந்தைப் பின்னால் கொடுத்து அடுத்த முயற்சி தொடங்கும் முன்பு. அப்புறம் எந்த வீடியோ வந்தும் பிரயோஜனமில்லை. இந்த விதியில்தான் பந்து வைத்திருக்கும் அணிக்கும் தடுக்கும் அணிக்கும் பெரிய வித்தியாசம். பந்து நம்மிடம் என்றால் ஸ்னாப் செய்வது நாம்தான். அடுத்த ஸ்னாப் வரை ஓடும் கடிகாரமான பிளே கிளாக்கின் 40 நொடியில் பெரும்பகுதியை மெதுவாக நடந்து கழிக்கலாம், மேலேயிருந்து தகவல் வரும் வரை காத்திருக்கலாம். நாம் தடுக்கும் அணி என்றால் கடிகாரம் எதிரி கையில். சந்தேகமான ஒரு கேட்ச் பிடித்த அணி, கூடிப் பேசாமல், அவசர அவசரமாக வரிசையில் வந்து நின்று ஸ்னாப் செய்யப் பார்க்கும்.

அந்த அவசரமே ஒரு சாட்சி. இன்னும் 12 நிமிடம் இருக்கிறது, எந்த அவசரமும் இல்லாத ஆட்டம், திடீரென்று குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) கையை ஆட்டி எல்லாரையும் ஓடிவரச் சொல்கிறார் என்றால், அவர்கள் எதையோ மறைக்கப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். ஆனால் அதை நம்பி மட்டும் வீசுவதும் ஆபத்து. இது தெரிந்தே சும்மா ஓடிவந்து நம்மை வீச வைக்கிற அணிகளும் உண்டு.

சொந்த வீரர்கள் சொல்வதைப் பற்றி ஒரு வார்த்தை. பந்தைப் பிடித்த வீரரைக் கேட்டால் பிடித்தேன் என்பார். அவரைத் தடுத்தவரைக் கேட்டால் தரையில் பட்டது என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, அப்படியே நம்புகிறார்கள். நல்ல பயிற்சியாளர் யாருடைய வார்த்தைக்கு என்ன மதிப்பு என்று சீசன் முழுக்கக் கவனித்து வைத்திருப்பார்.

கடந்த சில வருடங்களில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 2021 முதல், பளிச்சென்று தெரிகிற சில தவறுகளை ரீப்ளே அதிகாரியே நடுவரின் காதில் சொல்லி உடனே திருத்தலாம். கொடி தேவையில்லை, சேலஞ்ச் எண்ணிக்கையும் குறையாது. அதனால் தப்பு வெளிப்படையாக இருந்தால் சில நொடி பொறுத்திருப்பது புத்திசாலித்தனம். இலவசமாகக் கிடைக்கப்போவதற்கு ஏன் ஒரு சேலஞ்சைச் செலவழிக்க வேண்டும்? எதிரணி ஸ்னாப்புக்கு ஓடிவராத வரைக்கும்தான் இந்தப் பொறுமை.

மூன்றாவது படி: தப்பு என்று தெரிவது வேறு, நிரூபிப்பது வேறு

ரிவ்யூவின் முடிவு மூன்று விதமாக வரும். மைதானத்தில் சொன்னது உறுதியானது, அல்லது நிற்கிறது, அல்லது மாற்றப்பட்டது. நடுவில் இருப்பதுதான் பயிற்சியாளர்களைக் கொல்வது. நிற்கிறது என்றால் நடுவர் சொன்னது சரி என்று அர்த்தமில்லை, தப்பு என்று காட்டப் போதுமான வீடியோ இல்லை என்றுதான் அர்த்தம். டைம்-அவுட் என்னவோ போய்விடும். 2017 முதல் கடைசி முடிவு நியூயார்க்கில் இருக்கும் லீக் மையத்தில் எடுக்கப்படுகிறது. தெளிவான, வெளிப்படையான காட்சி ஆதாரம் இருந்தால் மட்டுமே மாற்றுவார்கள்.

ஆகவே மேலே இருப்பவர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியது, இது கேட்சா என்று அல்ல. மைதானத்தில் நேர்மாறாகச் சொல்லியிருந்தால், இதே வீடியோவை வைத்து அதை நான் மாற்றுவேனா என்று. இரண்டு பக்கமும் மாற்ற முடியாத மாதிரி இருந்தால் கொடி பாக்கெட்டிலேயே இருக்கட்டும்.

2017 பிப்ரவரி, 51-ஆவது சூப்பர் பௌல். அட்லாண்டா ஃபால்கன்ஸ் 28-20 என்று முன்னால். பேட்ரியட்ஸ் துரத்துகிறது, இரண்டு நிமிட எச்சரிக்கைக்கு இன்னும் அரை நிமிடம்தான். பிரேடி வீசிய பந்து அட்லாண்டாவின் ராபர்ட் ஆல்ஃபர்ட் கையில் பட்டு மேலே எழும்பியது. ஜூலியன் எடல்மேன் மூன்று தடுப்பாளர்களுக்கு நடுவே பாய்ந்தார். ஆல்ஃபர்டின் காலுக்கு மேலே, தரைக்குச் சில அங்குலம் உயரத்தில் பிடித்தார், நழுவியது, மறுபடி பிடித்தார். 23 யார்டு. மைதானத்தில் கேட்ச் என்றார்கள். சாதாரண வேகத்தில் பார்த்த யாருக்கும் அது கேட்ச் என்று நம்ப முடியாது. அட்லாண்டா பயிற்சியாளர் டான் குவின் கொடி வீசினார். மெதுவாக ஓட்டிப் பார்த்தால் பந்துக்கும் புல்லுக்கும் நடுவே கை இருக்கிறது. முடிவு மாறவில்லை, ஒரு டைம்-அவுட் போனது. பேட்ரியட்ஸ் 28-28 என்று சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 34-28 என்று வென்றது.

குவின் வீசியது தப்பா? என் கருத்தில் இல்லை. ஏன் என்பதை அடுத்த படியில் பார்ப்போம்.

காட்சியை விட அபிப்பிராயத்தைச் சார்ந்த விஷயங்கள் நிரூபிக்கக் கடினமானவை. இதற்கு 2019 சீசன் ஒரு பாடம். அந்த வருடம் ஜனவரியில் நடந்த பிளே-ஆஃப் ஆட்டத்தில் ராம்ஸின் நிக்கெல் ரோபி-கோல்மன், பந்து வருவதற்கு முன்பே செயின்ட்ஸின் டாமிலீ லூயிஸை மோதித் தள்ளினார். நடுவர்கள் கண்டுகொள்ளவில்லை. நாடே கொதித்தது. இப்படிப் பந்தைப் பிடிக்க விடாமல் ஆளைத் தடுப்பதை, அதாவது பாஸ் இன்டர்ஃபியரன்ஸையும், சேலஞ்ச் செய்யலாம் என்று விதியை மாற்றினார்கள். பயிற்சியாளர்கள் ஆசையாகக் கொடி வீசினார்கள், நியூயார்க் பெரும்பாலும் அசையவில்லை. நவம்பரில் பால்டிமோரில், ஹூஸ்டனின் டியாண்ட்ரே ஹாப்கின்ஸைப் பந்து வருமுன்பே கட்டிப்பிடித்ததை எல்லாரும் பார்த்தார்கள். ஹூஸ்டன் பயிற்சியாளர் பில் ஓ'பிரையன் சேலஞ்ச் செய்தார், முடிவு மாறவில்லை. ஒரே சீசனில் அந்த விதி காலாவதியானது. மேலே இருப்பவர்கள் எதை மாற்றுவார்கள், எதை மாற்ற மாட்டார்கள் என்பதை விதிப்புத்தகத்திலிருந்து மட்டும் படிக்க முடியாது. ஒவ்வொரு சீசனின் முதல் சில வாரங்களில் வருகிற முடிவுகளைப் பார்த்துத்தான் பிடிபடும்.

பந்தை வைத்த இடத்தைக் கேட்பது இன்னொரு படுகுழி. பத்துப் பேர் குவியலாக விழுகிறார்கள், பந்து அடியில் எங்கோ இருக்கிறது. முழங்கால் தரையில் பட்ட கணமும் அந்தக் கணத்தில் பந்து இருந்த இடமும் ஒரே காட்சியில் தெரிய வேண்டும். பெரும்பாலும் ஒரு கேமராவில் முழங்கால் தெரியும், பந்து தெரியாது. இன்னொன்றில் பந்து தெரியும், முழங்கால் தெரியாது. 2025 முதல் ஃபர்ஸ்ட் டவுன் அளப்பது சங்கிலியை விட்டு கேமரா முறைக்கு மாறியிருக்கிறது. ஆனால் அது அளப்பது நடுவர் பந்தை வைத்த இடத்திலிருந்துதான், அந்த இடத்தை வைப்பது இன்னும் மனிதர்தான்.

நான்காவது படி: பேரம்

இங்கேதான் பல பயிற்சியாளர்கள் தடுமாறுகிறார்கள். ஜெயிப்போம் என்று பாதிக்கு மேல் நம்பிக்கை இருந்தால்தான் வீச வேண்டும் என்று ஒரு எண்ணம். அது சரியில்லை.

இப்படி வைத்துக்கொள்வோம். முடிவு மாறினால் ஆட்டத்தை வெல்லும் வாய்ப்பு 10 சதவீதப் புள்ளி ஏறும். தோற்று டைம்-அவுட் போனால் 2 புள்ளி இறங்கும். எவ்வளவு நம்பிக்கை இருந்தால் வீசலாம்? இழப்பை, இழப்பும் ஆதாயமும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். 2-ஐ 12-ஆல் வகுத்தால் சுமார் 17 சதவீதம். ஆறில் ஒரு வாய்ப்பு இருந்தாலே வீசலாம். அதற்கு மாறாக, முடிவு மாறினாலும் 2 புள்ளிதான் ஏறும், டைம்-அவுட்டின் விலை 4 என்றால், மூன்றில் இரண்டு பங்கு நிச்சயம் இல்லாமல் வீசக் கூடாது. எண்கள் உதாரணத்துக்குத்தான். அணிகள் தங்கள் கணக்காளர்களை வைத்து ஒவ்வொரு சூழலுக்கும் இதைப் போட்டு வைத்திருக்கின்றன. வகுத்தல் மட்டும் இதுதான்.

2015 ஜனவரி 11, கிரீன் பே. பேக்கர்ஸ் 26-21 என்று முன்னால், ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. டாலஸ் கௌபாய்ஸுக்கு நான்காவது முயற்சி, 2 யார்டு தேவை. டோனி ரோமோ தூர வீச, டெஸ் பிரையன்ட் தடுப்பாளரின் தலைக்கு மேலே எம்பிப் பிடித்தார். விழும்போது கோட்டை நோக்கிக் கையை நீட்டினார், பந்து தரையில் மோதித் துள்ளியது, மறுபடி பிடித்துக்கொண்டார். மைதானத்தில் கேட்ச் என்றார்கள். பந்து 1 யார்டு கோட்டில்.

பேக்கர்ஸ் பயிற்சியாளர் மைக் மெக்கார்த்தி கொடியை எடுத்தபோது தராசில் என்ன இருந்தது என்று பாருங்கள். அப்படியே விட்டால் எதிரிக்கு 1 யார்டில் நான்கு முயற்சி, முன்னிலை போவது ஏறக்குறைய உறுதி. மாறினால் அது தோற்ற நான்காவது முயற்சி, பந்தே பேக்கர்ஸுக்கு வந்துவிடும். இந்த அளவு ஆதாயம் இருக்கும்போது டைம்-அவுட்டின் விலை ஒரு பொருட்டே அல்ல. நிரூபிக்க வாய்ப்பு நாலில் ஒன்றாக இருந்தாலும் வீசியிருக்க வேண்டும். விழும் வீரர் தரையில் மோதி முடியும் வரை பந்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும் என்று அன்றைய விதி சொன்னதால், முடிவு மாறியது. பேக்கர்ஸ் அதே 26-21-இல் ஆட்டத்தை முடித்தது. டாலஸ் ரசிகர்களின் ஆறாத புண் அது. விதியை 2018-இல் மாற்றினார்கள். மெக்கார்த்தி பின்னாளில் டாலஸுக்கே பயிற்சியாளராகப் போனார், அது வேடிக்கை.

குவினும் இதே கணக்கில்தான் தேறுகிறார். சூப்பர் பௌல், எட்டுப் புள்ளி முன்னிலை, எதிரி வேகமாக வந்துகொண்டிருக்கிறான், பார்த்த எல்லாருக்கும் சந்தேகம். தோற்ற சேலஞ்ச் எல்லாம் தப்பான சேலஞ்ச் இல்லை.

இதன் மறுபக்கமும் உண்டு, ஜெயித்தும் ஒன்றும் கிடைக்காத சேலஞ்ச். மூன்றாவது முயற்சியில் 8 யார்டு தேவை, 3 யார்டில் பிடித்த கேட்சைப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். மாற்ற வைத்தால் என்ன? அதே பன்ட், 3 யார்டு தள்ளி. இரண்டாவது முயற்சியில் ஃபர்ஸ்ட் டவுனுக்கு ஒரு அடி குறைவு என்று பந்தை வைத்துவிட்டார்கள் என்று கொதிப்பதும் அப்படித்தான். இன்னும் இரண்டு முயற்சி கையில் இருக்கிறது, அந்த ஒரு அடியை ஓடியே எடுத்துவிடலாம். நியாயம் கிடைக்க வேண்டும் என்ற ஆத்திரத்தில் வீசப்படும் கொடிகள் பெரும்பாலும் இந்த ரகம்.

சேலஞ்ச் செய்ய வேண்டிய நிலைமைகளில் ஃபர்ஸ்ட் டவுனா பன்ட்டா என்று தீர்மானிக்கிற மூன்றாவது முயற்சிதான் மேலே. அதோடு, இன்டர்செப்ஷன் ஆகியிருக்க வேண்டியதை இல்லை என்றது, கோட்டைத் தொட்டும் டச் டவுன் தராதது. 2010 பிப்ரவரியில் 44-ஆவது சூப்பர் பௌலில் செயின்ட்ஸின் லான்ஸ் மூர், டச் டவுனுக்குப் பிறகு வரும் இரண்டு புள்ளி முயற்சியில் பந்தைக் கோட்டுக்கு மேல் நீட்டி, பின்பு இழந்தார். இல்லை என்றார்கள். செயின்ட்ஸ் பயிற்சியாளர் ஷான் பேய்டன் கேட்டார், மாறியது. முன்னிலை ஐந்திலிருந்து ஏழாக, 24-17. எதிரிக்கு ஒரு முழு டச் டவுனும் கூடுதல் உதையும் தேவைப்படுகிற நிலைக்கு ஆட்டம் போனது.

ஐந்தாவது படி: டைம்-அவுட் இன்று என்ன விலை?

வீரரை எல்லைக்குள் வீழ்த்தினால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். முன்னிலையில் இருக்கும் எதிரி அடுத்த ஸ்னாப்புக்கு முன் ஏறக்குறைய 40 நொடியைக் கரைக்கலாம். ஒரு டைம்-அவுட் அந்த 40 நொடியைக் காப்பாற்றுகிறது. பின்தங்கியிருக்கும் அணிக்கு, நெருக்கமான ஆட்டத்தில், நான்காவது கால்பகுதியில் மூன்று டைம்-அவுட் என்றால் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் கையில் இருக்கிறது. அதில் ஒன்றைத் தூக்கிக் கொடுப்பதற்கு முன் யோசிக்கத்தான் வேண்டும். அதே டைம்-அவுட் முதல் கால்பகுதியிலோ, 20 புள்ளி முன்னிலையிலோ அவ்வளவு பெரிய விஷயமில்லை. மூன்றாவது கால்பகுதியில் கொஞ்சம் கவனம் வேண்டும். அப்போது கோபத்தில் போனது கடைசியில்தான் உறைக்கும்.

ஒரு தந்திரம் இங்கே உண்டு. எப்படியும் டைம்-அவுட் எடுக்கப்போகிறோம், அதே நேரத்தில் ஒரு சந்தேகமான முடிவும் இருக்கிறது, இரண்டு நிமிட எச்சரிக்கை இன்னும் வரவில்லை. அப்போது டைம்-அவுட் கேட்காமல் கொடியை வீச வேண்டும். தோற்றால், எப்படியும் செலவழித்திருக்கப்போகிற டைம்-அவுட்தான் போனது, கடிகாரமும் நின்றுவிட்டது. ஜெயித்தால் எல்லாம் லாபம். இதை மாற்றிச் செய்வதுதான் கொடுமை. யோசிக்க நேரம் வேண்டும் என்று முதலில் டைம்-அவுட் எடுத்து, அப்புறம் ரீப்ளே பார்த்துச் சேலஞ்ச் செய்து தோற்றால் ஒரே முயற்சிக்கு இரண்டு டைம்-அவுட் காலி. இதைச் செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சேலஞ்ச் எண்ணிக்கையைப் பற்றி முன்பு போலக் கஞ்சத்தனம் தேவையில்லை. இரண்டில் ஒன்று ஜெயித்தாலே மூன்றாவது வருகிறது. இரண்டையும் முதல் பாதியிலேயே தோற்பதுதான் பயப்பட வேண்டியது, அப்புறம் ஆட்டம் முழுக்க வேடிக்கைதான் பார்க்க வேண்டும். அதனால் முதலாவதைத் தோற்றவர் இரண்டாவதற்குக் கொஞ்சம் உயர்ந்த தரம் வைத்துக்கொள்வது நியாயம்.

ஆறாவது படி: வீசிய பிறகு

நடுவர் வந்து எதைக் கேட்கிறீர்கள் என்பார். அவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்: கேட்ச் இல்லை என்கிறோமா, எல்லைக்கு வெளியே கால் பட்டது என்கிறோமா, அதற்கு முன்பே முழங்கால் தரையில் பட்டது என்கிறோமா. ஒரு முயற்சியில் கேட்கக்கூடியது ஒன்றுக்கு மேல் இருந்தால், எது மாறினால் நமக்கு லாபம் என்று தெரிந்து சொல்ல வேண்டும்.

வீடியோ ஓடும் நேரத்தை வீணாக்காதவர்கள்தான் தேர்ந்த அணிகள். தாக்கும் அணியின் ஆட்டத்தைத் திட்டமிடுபவர் அடுத்த முயற்சிக்கு இரண்டு திட்டங்களைத் தயாராக வைத்துக்கொள்வார்: முடிவு மாறினால் ஒன்று, நின்றால் இன்னொன்று. தடுக்கும் அணி, பன்ட்டுக்கான ஆட்களைக் கோட்டுக்குப் பக்கத்திலேயே நிறுத்தி வைக்கும். அறிவிப்பு வந்ததும் அந்த இரண்டில் ஒன்று ஹெட்செட்டில் போயாக வேண்டும்.